கடலோரத்தில் ஒரு கோடை நாள்

தேர்வுகள் முடிந்து, புத்தகங்கள் அலமாரிக்குள் அடங்கிய மறுநாளே நம் இல்லங்களில் ஒரு விண்ணப்பம் எழும். "நண்பர்களெல்லாம் கடற்கரைக்குப் போகிறார்கள், நானும் போய் வரட்டுமா?" என்பதே அது. கேட்ட மாத்திரத்தில் தந்தையின் முகம் இறுகும். தாயோ, "தண்ணீரில் இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போ" என்பாள். பிள்ளையும் அவ்வாறே சொல்லிவிட்டுப் போவான். அலையைக் கண்டதும் அந்த வாக்கு என்னவாகும் என்பதைத் தாயும் அறிவாள், பிள்ளையும் அறிவான்.

பெற்றோரின் அச்சம் வீணானதன்று. 2022ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெல்லிக்குப்பத்தை அடுத்துக் கெடிலம் ஆற்றுத் தடுப்பணை அருகே தேங்கிய நீரில் குளிக்கச் சென்ற சிறுமியரும் இளம்பெண்களுமாக 7 பேர் மூழ்கி இறந்தனர். 2024 மே 6ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரத்தை ஒட்டிய லெமூர் கடற்கரையில் மருத்துவம் பயின்ற மாணவ மாணவியர் 5 பேரை அலை இழுத்துச் சென்றது. திருமண வீட்டுக்கு வந்த இடத்தில் தோழர்களோடு கடல் பார்க்கப் போனவர்கள் அவர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டதாகக் கணக்கிடுகிறது. அவர்களுள் பெரும்பங்கினர் குழந்தைகளும் இளைஞருமே.

ஆயினும், அச்சம் ஒன்றே போதுமா? கடலோர மாவட்டத்தில் பிறந்த பிள்ளையைக் கடலிலிருந்து எத்தனை நாளைக்கு மறைத்து வைக்க முடியும்? இன்று தடுத்தால் நாளை சொல்லாமற் போவான். சொல்லாமற் போகிறவன், சொல்லிவிட்டுப் போகிறவனைவிடப் பேரிடரில் இருக்கிறான். ஆகவே கடலுக்குப் போவதைத் தடுப்பதினும், கடலிடம் போகும் முறையைக் கற்பிப்பதே நலம். அந்த முறை மிக எளியது: கரையில் வாழ்கிறவரைக் கேட்டு, கண்ணால் பார்த்து, அதன் பிறகே இறங்குவது. இதனை வீட்டில் உட்கார்ந்து போதிப்பதைவிடக் கரையிலேயே காட்டிவிடலாம் என்னும் எண்ணத்தோடு, சென்ற மே மாதத்தில் ஒருநாள், கடலூர்ச் செம்மண்டலத்துச் சுற்றுப்புற மாணவர் 14 பேரையும் துணைக்குச் சில பெற்றோரையும் அழைத்துக்கொண்டு, தேவனாம்பட்டினத்திலிருந்து பிச்சாவரம் வரையிலான கரையோரத்தைச் சுற்றிவந்தோம். அந்த நாளில் கண்டதையும் கேட்டதையும் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

தேவனாம்பட்டினம்

கத்திரி வெயில் தலைக்கேறுமுன் கடலைப் பார்த்துவிட வேண்டுமென்று இருள் பிரியும் வேளையிலேயே செம்மண்டலத்திலிருந்து புறப்பட்டோம். மஞ்சக்குப்பத்தைக் கடந்து, பெரியார் அரசு கலைக் கல்லூரி வழியாகத் தேவனாம்பட்டினம் சென்றால், முன்னே விரிகிறது வெள்ளிக் கடற்கரை. கீழ்த்திசை வெளுத்து, கடலின் விளிம்பில் செம்பொற்றகடு போலக் கதிரவன் தலைகாட்டியபோது, வழியெல்லாம் ஓயாது பேசிவந்த பிள்ளைகள் சற்றே வாயடைத்து நின்றனர். அந்த அமைதி நெடுநேரம் நீடிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு நிமிடங்களில் செருப்புகள் ஒருபுறமும் சட்டைகள் மறுபுறமும் பறந்தன.

"கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒருவரைக் கேட்போம்" என்று தடுத்து, மணலில் அமர்ந்து வலையிலிருந்த சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்த முதிய மீனவர் ஒருவரிடம் அவர்களை அழைத்துச் சென்றேன்.

"ஐயா, இந்தப் பிள்ளைகள் குளிக்க ஆசைப்படுகிறார்கள். எங்கே இறங்கலாம்?"

அவர் உடனே விடை சொல்லவில்லை. எழுந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து, கடலை வடக்கிலிருந்து தெற்காக ஒருமுறை பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "தம்பி, இதுல எந்த இடம் இறங்கத் தோதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

அலை பொங்கி வெண்ணுரையாக உடையும் இடங்களுக்கு நடுவே, ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், நீர் சற்றுக் கறுத்து, அமைதியாகத் தெரிந்தது. எல்லாரும் ஒரே குரலாக அந்த இடத்தையே காட்டினர்.

"அதுலதான் இறங்கக் கூடாது" என்றார் பெரியவர்.

பிள்ளைகளுக்கு வியப்பு. அவர் கைவிரலால் மணலில் கோடிட்டு விளக்கியதை இங்கே என் சொற்களில் தருகிறேன். அலைகள் ஓயாது நீரைக் கரையை நோக்கித் தள்ளுகின்றன. வந்த நீர் திரும்பிப் போயாக வேண்டும். கரையை அடுத்து நீருக்குள் மணல்மேடுகள் உண்டு. அந்த மேடுகளுக்கிடையே உள்ள பள்ளத்தின் வழியாகவே நீர் ஒன்றுகூடிக் கடலுக்குத் திரும்புகிறது. பள்ளமாதலால் அங்கே அலை உடைவதில்லை. எனவே பார்வைக்கு அமைதியாகத் தோன்றுகிறது. ஆனால் உள்ளே ஓர் ஆறு போல நீர் வெளிநோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தகைய நீரோட்டம் சில வேளைகளில் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தையும் எட்டும் என்று கடலியலார் கணக்கிட்டிருக்கின்றனர். உலகப் போட்டிகளில் 100 மீட்டர் நீந்தும் முதல்தர வீரனின் வேகமே அதற்குச் சற்றுத்தான் மேலாகும். அப்படியிருக்க, ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகிய பிள்ளை அதனை எதிர்த்துக் கரைசேர முயன்றால், களைத்துப்போவதைத் தவிர வேறு வழியில்லை.

இங்கே ஒவ்வொரு பெற்றோரும் தம் பிள்ளைக்குச் சொல்லிவைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த நீரோட்டம் மனிதனை அடியில் அமிழ்த்துவதில்லை. வெளியே கொண்டுபோகிறது, அவ்வளவே. அதன் அகலமும் பெரிதன்று. ஆகவே அதில் அகப்பட்டவன் கரையை நோக்கி முட்டி மோதாமல், மல்லாந்து மிதந்து மூச்சைக் காத்துக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். ஓட்டத்தைவிட்டு வெளிவந்த பின், உடையும் அலைகளே அவனைக் கரைப்பக்கம் தள்ளிவிடும். நீந்த இயலாதவன் மிதந்தபடியே கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். கரையில் நிற்பவரோ அவனைக் காப்பாற்றத் தாமும் குதித்தல் ஆகாது. கயிறு, மூங்கில், காற்றடைத்த குழாய், மூடிய வெற்றுக் குடம், எது மிதக்குமோ அதனை எறிய வேண்டும். ஒருவனுக்காக இறங்கிய மற்றவரும் சேர்ந்து மாளும் துயரத்தை இத்தகைய விபத்துகளில் அடிக்கடி காண்கிறோம்.

பெரியவர் காட்டிய இடத்தில், இடுப்பளவு நீருக்கு மேற்போகாமல், அவர் கண்முன்னே பிள்ளைகள் ஒரு மணி நேரம் ஆடிக் களித்தனர். எல்லையிட்டதால் அவர்கள் களிப்பு குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பெரியவர் சொன்ன மற்றொன்றையும் மறக்கலாகாது. "காத்தே இல்லாம கடல் பொங்குற நாளும் உண்டு." தென்கோடிப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயலால் எழுந்த நெடிய அலைகள், பல நாள் பயணம் செய்து, காற்றோ மழையோ இல்லாத நம் கரையில் திடீரென்று வந்து ஏறுவதுண்டு. மலையாளக் கரை மீனவர் இதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயரிட்டனர். அறிவியலார் இதற்கெனத் தனிச்சொல் தேடாமல் மீனவரின் சொல்லையே ஏற்றுக்கொண்டனர். 2012இல் யுனெஸ்கோவும் அதனை ஒப்புக்கொண்டது. லெமூர் கடற்கரையில் 2024இல் நேர்ந்த துயரத்தின்போதும் இக்கள்ளக்கடல் பற்றிய எச்சரிக்கை நடப்பிலிருந்தது. வானம் தெளிந்திருப்பதைக் கண்டு கடலும் தெளிந்திருக்கிறதென்று எண்ணுவது தவறு.

குண்டால் அளந்த நிலம்

கரையைவிட்டுத் திரும்புகையில் கெடிலம் கடலோடு கலக்கும் இடத்தருகே, செடிகொடிகளுக்கிடையில், இடிந்த செங்கற்சுவர்கள் சில நிற்கின்றன. ஒருகாலத்தில் தென்னாட்டு வரலாற்றையே திருப்பிய புனித தாவீது கோட்டையில் எஞ்சியவை இவை. 1690ஆம் ஆண்டு, சென்னையில் எலிகூ யேல் ஆளுநராயிருந்தபோது, ஆங்கிலேயக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து இக்கோட்டையை விலைக்கு வாங்கினர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இந்த யேலின் பெயரையே தாங்கி நிற்கிறது. கோட்டையோடு சேர்ந்த நிலத்திற்கு எல்லை குறித்த விதம் விந்தையானது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழும் தொலைவு வரை உள்ள ஊர்களெல்லாம் தங்களுடையவை என்று எடுத்துக்கொண்டனர். குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயரை இந்நிகழ்ச்சியோடு இணைத்துச் சொல்வது இப்பகுதியார் வழக்கம்.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, இளைஞனாயிருந்த இராபர்ட் கிளைவு அங்கிருந்து தப்பி இக்கோட்டைக்கே வந்து சேர்ந்தான். சென்னை திரும்பக் கிடைத்த பின்னும், 1752 வரை தென்னாட்டு ஆங்கிலேயருக்கு இதுவே தலைமையிடமாக இருந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதனைப் பிடித்துத் தகர்த்தான்.

இவற்றைச் சொல்லி முடித்தபோது, அதுவரை பேசாதிருந்த மாணவி ஒருத்தி, "குண்டு விழுந்த ஊர்களில் இருந்தவர்களை யாராவது கேட்டார்களா?" என்று வினவினாள். வரலாற்று நூல்களில் தேதிகளை மனனம் செய்யும் நம் பிள்ளைகள் இத்தகைய வினாவை எழுப்புவது அரிது. கேட்காமல் இறங்குவது கடலில் மட்டும் நிகழ்வதன்று என்பதை அவளாகவே கண்டுகொண்டாள்.

ஓய்விலிருக்கும் துறைமுகம்

காலை உணவை முடித்துக்கொண்டு முதுநகர் சென்றோம். உப்பனாற்றங்கரையில் அமைந்த பழந்துறைமுகம் அது. அங்கே விசைப்படகுகள் ஒன்றோடொன்று தோள் உரச வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. ஒருபுறம் மரத்தச்சர் பலகைகளைச் செப்பனிட, மறுபுறம் சிலர் வண்ணம் பூசிக்கொண்டிருந்தனர். நிழலில் வலை பின்னுவோர் கூட்டம். "ஏன் எவருமே கடலுக்குப் போகவில்லை?" என்று பிள்ளைகள் வியந்தனர்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. தமிழ்நாட்டில் 2001ஆம் ஆண்டு தொடங்கிய இத்தடை முதலில் 45 நாட்களாக இருந்து, 2017இல் 61 நாட்களாக நீட்டப்பட்டது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் பருவம் இது. அப்போது அடிமட்ட வலைகள் கடலின் தரையை வாரிக்கொண்டு போனால் வருங்காலத்துக்கு எதுவும் எஞ்சாது. நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடும் அதே வேளையில் கடலுக்கும் விடுமுறை விடப்படுகிறது என்றதும் அவர்கள் மகிழ்ந்து சிரித்தனர்.

ஆனால் அந்த 61 நாட்களும் படகுத் தொழிலாளிக்கு விடுமுறையல்ல, வருவாயற்ற நாட்கள். அரசு தரும் உதவித்தொகையோடு, வலை செப்பனிடும் கூலியையும், கடனையும் நம்பி அக்குடும்பங்கள் காலந்தள்ளுகின்றன. அங்கே கண்ட படகோட்டி ஒருவர், "மீனும் பிழைக்கணும், நாங்களும் பிழைக்கணும்" என்று சொன்னார். ஜூன் மாதத்தில் பள்ளிக்கட்டணம் கட்ட வேண்டிய வேளையில்தான் அவர் கையில் பணம் இருப்பதில்லை. கடற்கரைக்கு இன்பப் பயணம் வருவோர் இதனையும் அறிந்து செல்லுதல் நன்று.

பரங்கிப்பேட்டை

முதுநகரிலிருந்து தெற்கே சிதம்பரம் செல்லும் சாலையில், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் ஆகிய ஊர்களைக் கடந்து, கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. வழியில் வண்டியை நிறுத்தி நுங்கும், பண்ணுருட்டிப் பலாவும் வாங்கினோம். பலாச்சுளையை உரித்துக் கொடுத்த அம்மாள், 'தானே' புயலைப் பற்றிச் சொன்னார். 2011 டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த அப்புயல், இம்மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. தாத்தா நட்ட மரத்தில் பேரன் பழம் பறிக்கும் தொழில் அது. ஓரிரவில் விழுந்ததை மீட்க ஒரு தலைமுறை வேண்டும்.

வெள்ளாறு கடலோடு கூடும் முகத்தில் அமைந்தது பரங்கிப்பேட்டை. போர்ச்சுக்கீசியர் இதனைப் 'புதிய துறை' என்னும் பொருள்பட 'போர்ட்டோ நோவோ' என்றழைத்தனர். முகமதியர் வழக்கில் இதற்கு முகமது பந்தர் என்றும் பெயர். 1781 ஜூலை 1ஆம் நாள் ஐதர் அலியின் பெரும்படையை அயர் கூட் தலைமையிலான ஆங்கிலேயப் படை இவ்வூரருகில்தான் வென்றது. 1830ஆம் ஆண்டளவில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இங்கே இரும்பு உருக்கும் ஆலையொன்றை நிறுவினார். சேலத்துக் கனிமத்தை மரக்கரியால் உருக்கிய அந்த முயற்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை.

இன்று இவ்வூருக்குப் பெருமை சேர்ப்பது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம். ஆறும் கடலும் கலக்கும் கழிமுகத்தை வாசலிலேயே கொண்டிருப்பதால், உப்புநீரும் நன்னீரும் கலக்குமிடத்தில் வாழும் இறால், நண்டு, மீன் குஞ்சு ஆகியவற்றின் வாழ்வை ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் அரிது. இத்தகைய கலப்பு நீரே கடல்மீன் பலவற்றுக்குத் தொட்டில் போன்றது. பெருங்கடலில் பிடிபடும் மீன்களுள் பலவும் தம் இளமையை இந்தச் சேற்று நீரில்தான் கழிக்கின்றன என்றறிந்தபோது, 'வெறும் சேறு' என்று முகஞ்சுளித்த பிள்ளைகள் அந்நீரை மறுபடியும் பார்த்தனர். இவர்களுள் ஒருவனேனும் இத்துறையில் படிக்க முன்வந்தால் இப்பயணத்தின் பயன் இன்னும் மிகும்.

அந்த ஞாயிறு

வெள்ளாற்றங்கரை மரநிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். புளிச்சோற்றுக்கும் தயிர்ச்சோற்றுக்கும் சிதம்பரத்துக் கத்தரிக்காய்க் கொத்சு துணை. உண்டு களைப்பாறுகையில் பேச்சு 2004ஆம் ஆண்டுக்குத் திரும்பியது. நம் மாணவருள் எவரும் அப்போது பிறந்திருக்கவில்லை. உடன் வந்த பெற்றோருக்கோ அது நேற்று நடந்தது போல.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி 29 நிமிட அளவில் சுமத்திரா தீவுக்கருகே கடலடியில் நில அதிர்ச்சி. இரண்டு மணி நேரத்துக்கு மேலாகியும் நம் கரைக்கு எச்சரிக்கை எதுவும் எட்டவில்லை. நாம் காலையில் குளித்து மகிழ்ந்த தேவனாம்பட்டினமும், பரங்கிப்பேட்டைக்கு வடக்கேயுள்ள சாமியார்பேட்டையும், கிள்ளையை அடுத்த தீவுக் குடியிருப்புகளும் ஒரே காலையில் குலைந்தன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் முதியோருமே அவர்களுள் மிகுதி. பேரலை வருமுன் சில கரைகளில் கடல் உள்வாங்கியது. அதனை வேடிக்கை பார்க்கவும், துள்ளிய மீன்களைப் பொறுக்கவும் கடலை நோக்கி ஓடியவர்களும் உண்டு. கடல் இயல்புக்கு மாறாகப் பின்வாங்கினால் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்னும் ஒரு வரிப் பாடம் அப்போது நம் பள்ளிப் புத்தகங்களில் இல்லை.

இன்று நிலைமை வேறு. ஐதராபாத்தில் 2007 அக்டோபர் முதல் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்கிவருகிறது. ஆனால் எச்சரிக்கை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதை ஒவ்வொரு கரைக்கும் வருகிறவன் வந்தவுடனே பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். அன்று பிள்ளைகளுக்கு அதனையே விளையாட்டாக்கினோம். ஒவ்வோர் இடத்திலும் இறங்கியவுடன், "மேடு எங்கே?" என்று கேட்பேன், முதலில் சரியாகக் காட்டியவருக்கு ஒரு பலாச்சுளை அதிகம்.

பிச்சாவரம்

பிற்பகலில் கிள்ளை வழியாகப் பிச்சாவரம் அடைந்தோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் இக்காடு விரிந்திருக்கிறது. 1975இல் வெளிவந்த 'இதயக்கனி' திரைப்படத்தின் வாயிலாகத் தமிழகம் முழுதும் இதனைக் கண்டது. 2022இல் இது ராம்சர் ஒப்பந்தத்தின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது.

மிதவைச் சட்டையை இறுகக் கட்டிக்கொண்ட பின்னரே படகில் ஏறினோம். துடுப்புப் படகு வாய்க்காலுக்குள் நுழைந்ததும் வெளியுலகின் வெயிலும் ஓசையும் அறுந்துபோயின. இருபுறமும் சுரபுன்னை மரங்கள் கால்களை வளைத்து ஊன்றியதுபோல வேர்களைச் சேற்றில் ஊன்றி நின்றன. வெண்கண்டல் மரத்தடியில் விரல்கள் போல் மேல்நோக்கி முளைத்திருந்தவை மூச்சு வேர்கள். சேற்றில் காற்றில்லாததால் மரம் அவற்றின் வழியே மூச்சு வாங்குகிறது. உப்புநீரில் வாழ்ந்தும், உண்ட உப்பை இலைவழியே வெளித்தள்ளிவிடுகிறது; இலையை நாவில் தொட்டுப் பார்த்த பிள்ளைகள் அதனை மெய்ப்பித்துக்கொண்டனர். சுரபுன்னையின் விதையோ தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, நீண்டு, ஊன்றி நிற்கத்தக்க வலிமை பெற்ற பின்னரே சேற்றில் விழுகிறது. உடன் வந்த தாய் ஒருவர், "பிள்ளையை வெளியே அனுப்புமுன் இந்த மரத்துக்கு இருக்கிற நிதானம் நமக்கும் வேண்டும்" என்றார். இக்கட்டுரை முழுதும் நான் சொல்ல முயல்வதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பழம்பெயரைத் தந்த தில்லை மரமும் இக்காட்டில் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளையும். படகோட்டி அதனைத் தொலைவிலிருந்தே காட்டி, கிளையைத் தொடவேண்டாமென்று எச்சரித்தார். வழியில் இருளர் சிலர் முழங்காலளவு நீரில் குனிந்து, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பனையோலைப் பறியில் இட்டுக்கொண்டிருந்தனர். எந்த நேரத்தில் நீர் ஏறும், எப்போது வடியும், எவ்வாய்க்காலில் இறால் ஒதுங்கும் என்பதெல்லாம் அவர்கள் விரல்நுனியில் உள்ள அறிவு.

இக்காட்டுக்கும் ஒரு துயர வரலாறு உண்டு. முற்காலத்தில் வருவாய் கருதி இக்காட்டைப் பகுதி பகுதியாக முற்றும் வெட்டினர். வெட்டிய இடத்தில் வெயில்பட்டு ஈரம் வற்றியதால் நிலம் தாழ்ந்து, கிண்ணம் போலப் பள்ளமாயிற்று. உட்புகுந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி, உப்பு முற்றி, புதுக்கன்று எதுவும் முளைக்காத பாழ்நிலமானது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து இதன் காரணத்தைக் கண்டறிந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டி, ஓதநீர் வந்து வடிய வழி செய்தனர். இக்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவே; ஆயினும் அந்தச் சிறு அசைவே காட்டுக்கு உயிர். நீர் ஓடியதும் காடு மீண்டது.

2004இல் இக்காடு பின்னாலிருந்த ஊர்களைக் காத்தது என்று ஊரார் நன்றியோடு கூறுகின்றனர். அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் பரங்கிப்பேட்டைக் கரையோரத்துக் குடியிருப்புகள் 18ஐ ஒப்பிட்டு, அலையாத்திக் காட்டின் பின்னிருந்தவற்றில் இழப்பு குறைவு என 2005இல் எழுதினர். அதே கணக்கை மீண்டும் ஆராய்ந்த வேறு அறிஞர், ஊர் கடலிலிருந்து எவ்வளவு தொலைவில், எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதே பெரிதும் காரணம் என்றனர். இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். காடும் வேண்டும், மேடும் வேண்டும், தொலைவும் வேண்டும். ஒன்றை நம்பி மற்றதைக் கைவிடலாகாது.

பெற்றோர் கவனத்திற்கு

மாலை 6 மணிக்குப் பிள்ளைகள் எல்லாரும் அவரவர் வீட்டில் இருந்தனர். இனி அவர்கள் நம் துணையின்றிப் போகும் நாள்களே மிகுதி. ஆதலால் நம் குடும்பங்கள் இச்சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

முதலாவது, பிள்ளை எங்கே, யாரோடு போகிறான் என்பதை வெளிப்படையாகச் சொல்லும் துணிவை அவனுக்குக் கொடுங்கள். சொன்னால் திட்டு விழும் என்று அஞ்சும் பிள்ளை சொல்லாமலே போவான்.

இரண்டாவது, ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு குழந்தைக்கும் நீச்சல் கற்பியுங்கள். பெண்பிள்ளைக்கு நீச்சல் எதற்கு என்று கேட்போர், கெடிலத்தில் இறந்த 7 பேரையும் நினைக்கட்டும். நீச்சலோடு மிதக்கவும் கற்பியுங்கள். உயிர்காப்பது பெரும்பாலும் மிதப்பதே. ஆனால் குளத்து நீச்சல் கடலுக்குப் போதாதென்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, எந்தக் கரையாயினும் அவ்வூர் மீனவரைக் கேளாமல் நீரில் இறங்கலாகாது. அவர் வேண்டாமென்றால் அந்த நாள் மணலில் விளையாடும் நாள். எச்சரிக்கைப் பலகையும் காவலர் சொல்லும் அவ்வாறே. இருட்டிய பின்பும், மது அருந்திய எவரோடும், ஆற்று முகத்துவாரத்திலும், தூண்டிற் கற்சுவர்களின் அருகிலும் இறங்குவது கூடவே கூடாது.

நான்காவது, கைப்பேசியில் படமெடுக்கக் கடலுக்கு முதுகு காட்டி நிற்றல் ஆகாது. அலைகள் எல்லாம் ஒரே அளவினவாய் வருவதில்லை.

ஐந்தாவது, கடலோரக் காவல் குழுமத்தின் 1093, மருத்துவ ஊர்தியின் 108 ஆகிய இரண்டு எண்களையும் பிள்ளையின் கைப்பேசியிலும் மனத்திலும் பதித்துவையுங்கள்.

இந்தப் பயணத்துக்கு ஆளுக்கு ஆன செலவு, ஒரு திரைப்படத்துக்கும் சிற்றுண்டிக்கும் ஆகும் தொகையைவிட மிகவில்லை. ஒவ்வொரு பங்கிலும், ஒவ்வொரு தெருவிலும், கரையை அறிந்த பெரியவர் ஒருவரைத் துணைக்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் இவ்வாறு பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். வருகிற கோடையில் உங்கள் மகன் வந்து "போய் வரட்டுமா?" என்று கேட்டால், "அங்கே யாரைக் கேட்டு இறங்குவாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். அதற்கு அவனிடம் விடை இருக்குமானால், அனுப்பி வையுங்கள்.